எண்ணும் நகையும்: கணித மேதை இராமானுஜன்

பெரியோர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது நாம் அவர்களைப் பெரும்பாலும் சிரிக்க விடுவதில்லை. வறுமை, உழைப்பு, புகழ், மறைவு என்னும் நான்கு படிகளில் ஏற்றி, மாலை சூட்டிச் சுவரில் மாட்டிவிடுகிறோம். கணித மேதை சீனிவாச இராமானுஜனுக்கும் இதுவே நேர்ந்தது. பள்ளிச் சுவர்களில் தொங்கும் படத்தில் அவர் சிரிப்பதில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குச் சொன்னார் என்னும் செய்தியை அறிந்த மாணவரும், அவர் நண்பர்களோடு கூடி நகைத்து மகிழ்ந்தவர் என்பதை அறியார்.

இக்கட்டுரை எழுந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறை. நம் இலக்கிய வட்டத்தின் கூட்டங்கள் கடலூரிலும் சிதம்பரத்திலும் மாறிமாறி நடைபெறுவதை அன்பர்கள் அறிவார்கள். சிதம்பரத்தில் நிகழ்ந்த ஒரு கூட்டத்தில் நான் காளமேகப் புலவரின் சிலேடைகளைப் பற்றி உரையாற்றினேன். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது, வட்டத்தின் கணித ஆசிரியர் ஒருவர் தம் துறையினர் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் நகைச்சுவை ஒன்றைச் சொன்னார். சுவையற்ற எண் என்று ஒன்று உண்டா என்பது கேள்வி. உண்டு என்று கொள்வோம். அவற்றுள் மிகச் சிறியது எதுவெனத் தேடுவோம். சுவையற்ற எண்களுள் முதலாவது என்னும் பெருமை கிடைத்தவுடனே அந்த எண் சுவையுடையதாகிவிடுகிறது! ஆகவே சுவையற்ற எண்ணே இல்லை. இதைக் கேட்டு அவரும் இன்னொரு கணித ஆசிரியரும் குலுங்கச் சிரித்தனர். தமிழாசிரியர்களாகிய நாங்கள் விழித்தோம். பேருந்து வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. அருகில் அமர்ந்திருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அன்று ஒன்று விளங்கிற்று. நகைச்சுவை தனியொருவரால் நிறைவு பெறுவதன்று. சொல்பவர் ஒருவர், உணர்ந்து கொள்பவர் ஒருவர் என இருவர் வேண்டும். சிலேடைக்கு அகராதி அறிந்த செவி வேண்டுவது போலவே, கணித நகைக்கு எண்ணறிந்த செவி வேண்டும். அத்தகைய செவியைத் தேடி அலைந்த ஒருவரின் வரலாறாகவே இராமானுஜனின் வாழ்வு எனக்குத் தோன்றுகிறது.

இளமை

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், தாய்வழிப் பாட்டனார் இல்லமிருந்த ஈரோட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தையார் சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள்.

சிறுவயதில் இராமானுஜன் பருத்த உடலினர். சண்டைக்கு வரும் பையன் மீது தாம் சும்மா விழுந்தாலே போதும், அவன் நொறுங்கிப் போவான் என்று பெருமையடித்துக் கொள்வாராம். தம்மையே நகைப்பொருளாக்கும் இப்பண்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

அவரது பள்ளிப் பருவத்தைப் பற்றி வழங்கும் கதை ஒன்று யாவரும் அறிந்ததே. மூன்று பழங்களை மூவருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் விளக்கினார். பழமே இல்லாதபோது, ஆளே இல்லாதவர்க்குப் பங்கிட்டால், ஆளுக்கு ஒரு பழம் கிடைக்குமா என்று சிறுவன் கேட்டானாம். கேட்போர் சிரிப்பர். ஆனால் சுழியைச் சுழியால் வகுக்க இயலாது என்னும் கணித உண்மை அச்சிரிப்புக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. நல்ல கணித நகையின் இலக்கணம் இதுவே. சிரிப்பு அடங்கிய பின்னும் சிந்தனை அடங்குவதில்லை.

கும்பகோணம் நகர உயர்நிலைப் பள்ளியில் மூத்த மாணவர் ஒருவர் அவரைச் சோதிக்க எண்ணி ஒரு புதிர் போட்டார். இரண்டு எண்கள் உள்ளன. முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாம் எண்ணைக் கூட்டினால் 7. இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தோடு முதல் எண்ணைக் கூட்டினால் 11. எண்கள் யாவை? முறைப்படி செய்யப் புகுந்தால் தாள்கள் பல தீரும். இராமானுஜன் அரை நிமிடத்தில் 9, 4 என்று விடையளித்தார். சோதிக்க வந்தவர் நண்பரானார். அவர் நட்புகள் பலவும் இவ்வாறு புதிர் வழியாகவே பிறந்தன.

நண்பர்கள் கண்ட இராமானுஜன் ஓயாது பேசுபவர். தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் கலந்து சிலேடை செய்பவர். நீண்ட வேடிக்கைக் கதைகளைச் சொல்லுவார். சொல்லும்போதே சிரிப்பு முந்திக்கொள்ளும், குடுமி அவிழும், அதை முடிந்துகொண்டே மீண்டும் தொடங்குவார். கதையின் உச்சம் வருமுன்னரே தாம் சிரித்துச் சொற்களைக் குழப்பிவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து சொல்வதுண்டு. இக்காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டு அவர் வாழ்வின் பிற்பகுதியைப் படிக்க வேண்டும்.

1903-ஆம் ஆண்டளவில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிறுவாமலே வரிசைப்படுத்தியிருந்த அந்நூலே அவருக்கு ஆசானாயிற்று. அதன்பின் பிற பாடங்களில் மனம் செல்லவில்லை. கும்பகோணம் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை பறிபோயிற்று. 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் வெல்ல இயலவில்லை, 1907-இலும் தோல்வியே. உடலியல் தேர்வில், உணவு செரிக்கும் முறையைப் பற்றிய வினாவுக்குச் சில வரிகளே எழுதி, செரிமானப் பாடத்தில் தமக்குச் செரிக்காமல் போன பகுதி இது என்று குறித்துவிட்டாராம். விடைத்தாளில் பெயர் இல்லை. எழுதியவர் யாரென்று அறிய ஆசிரியருக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. வயிறு காய்ந்த நாள்களில் செரிமானத்தைப் பற்றி நகையாடியவர் அவர் என்பதை நினைக்கும்போது, அந்நகையின் அடியில் உள்ள துயரும் புலனாகிறது.

தென்னார்க்காட்டு வழியில்

1909-இல் ஜானகி அம்மையாருடன் திருமணம் நடந்தது. வேலை தேட வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 1910-இல் அவர் திருக்கோவிலூருக்குச் சென்றார். கும்பகோணத்திலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதை சிதம்பரம், கடலூர் வழியாகவே செல்கிறது. இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர், குறிப்பேடுகளைக் கையில் இடுக்கிக்கொண்டு நம் ஊர்களைக் கடந்து சென்ற அந்தப் பயணத்தை நாம் எண்ணிப் பார்த்தல் தகும். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவிலூர், அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. இராமசாமி ஐயர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவரே. அவரைப் பலரும் பேராசிரியர் என்றே அழைத்தனர். அவர் எக்கல்லூரியிலும் பேராசிரியராக இருந்து அப்பெயர் பெற்றவரல்லர். மாணவராக இருந்தபோதே இங்கிலாந்து இதழ் ஒன்றுக்குக் கணிதக் கட்டுரைகள் அனுப்பினார். இத்தகைய கட்டுரையை எழுதுபவர் பேராசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்று கருதிய இதழாசிரியர்கள் அவ்வாறே விளித்து மடல் எழுத, நண்பர்கள் அதையே பட்டமாக்கிவிட்டனர். வேடிக்கையாக வந்த பட்டம் வாழ்நாள் முழுதும் நிலைத்தது.

இராமானுஜன் அவரிடம் வேண்டியது வட்ட அலுவலகத்தில் ஓர் எழுத்தர் பணி. குறிப்பேடுகளைப் புரட்டிய இராமசாமி ஐயர் பணி தர மறுத்தார். வருவாய்த் துறையின் கடைசிப் படியில் இவரை அமர்த்தினால் இவ்வறிவு அழிந்துவிடும் என்பது அவர் எண்ணம். அறிமுக மடல்களைக் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பணி மறுக்கப்பட்டதே பேறாக அமைந்தது. இராமானுஜனின் எழுத்தைப் படித்து அதன் சுவையை உணர்ந்த ஒருவர் நம் மாவட்டத்தில் இருந்தார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியாகும்.

அக்கழகத்தின் இதழில் வாசகர்க்கு வினாக்கள் விடுக்கும் பகுதி ஒன்று இருந்தது. இராமானுஜன் ஐம்பதுக்கு மேற்பட்ட வினாக்களை அதில் விடுத்துள்ளார். அவற்றுள் 1911-இல் வெளிவந்த 289-ஆம் வினா புகழ்பெற்றது. ஒன்றோடு, இரண்டு மடங்கு ஒரு வர்க்கமூலத்தைக் கூட்டி மூலம் காண வேண்டும். அந்த உள் மூலத்துக்குள் ஒன்றோடு மூன்று மடங்கு இன்னொரு மூலம். அதற்குள் நான்கு மடங்கு மற்றொன்று. இவ்வாறு முடிவின்றிச் செல்லும் கோவையின் மதிப்பு யாது? மூன்று இதழ்கள் வெளிவந்தன. ஆறு திங்கள் கழிந்தன. எவரும் விடை அனுப்பவில்லை. இறுதியில் அவரே விடையைக் கூறினார். விடை 3.

இதன் சூழ்ச்சி மிக எளிது. 3 என்பது 9-இன் மூலம். 9 என்பது 1 கூட்டல் 2 பெருக்கல் 4. அந்த 4 என்பது 16-இன் மூலம். 16 என்பது 1 கூட்டல் 3 பெருக்கல் 5. அந்த 5 என்பது 25-இன் மூலம். 25 என்பது 1 கூட்டல் 4 பெருக்கல் 6. இவ்வாறே முடிவின்றிச் செல்லும். நம் பகுதித் தெருக்கூத்தில் நாள்தோறும் பார்க்கும் அண்டைவீட்டுக்காரரே முடியும் புஜகீர்த்தியும் அணிந்து துரியோதனனாக வந்து நின்று நம்மை மிரட்டுவார் அல்லவா? அதுபோல மூன்று என்னும் எளிய எண் வேடம் கட்டிக்கொண்டு வந்து நின்றது. வேடத்தைக் கண்டவர் பலர். உள்ளிருப்பவரை அறிந்தவர் எவருமில்லை. வேடிக்கை சொல்லிவிட்டு எவராவது சிரிப்பாரா என்று ஆறு திங்கள் காத்திருந்த ஒருவரின் தனிமையை இதில் காண்கிறேன்.

இத்தகைய கணக்கு விளையாட்டு தமிழர்க்குப் புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம், பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ணும் வழியைக் கூறுகிறது. திண்ணையில் அமர்ந்து கணக்குப் புதிர் போட்டு ஒருவரையொருவர் மடக்கும் வழக்கம் நம் ஊர்களில் இருந்தது. அத்திண்ணையின் பிள்ளையே இராமானுஜன்.

1912 மார்ச் 1-ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அங்கு மேலாளராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் கற்றவர். மாலை வேளைகளில் இருவரும் ஆளுக்கொரு பலகையுடன் அமர்வர். இராமானுஜன் பத்துப் படிகளைத் தாவிச் செல்வார். தமக்கே விளங்காவிட்டால் வேறு யாருக்கு விளங்கும் என்று கூறி, படிப்படியாக எழுதுமாறு நாராயண ஐயர் வற்புறுத்துவார். நகையைச் சொல்பவர் கேட்பவரின் நிலைக்கு இறங்கிவர வேண்டும் என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றார்.

கடல் கடந்து

1913 ஜனவரி 16-ஆம் நாள் கேம்பிரிட்சுப் பேராசிரியர் ஹார்டிக்கு மடல் எழுதினார். சான்றுகள் இன்றித் தேற்றங்கள் நிரம்பிய அம்மடலை ஹார்டி முதலில் யாரோ செய்த குறும்பு என்றே ஐயுற்றார். அன்றிரவு நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்த பின்னரே, எழுதியவர் மேதை என்று தெளிந்தார். ஹார்டியும் நகைச்சுவை மிக்கவர். புயற்காலத்தில் டென்மார்க்கிலிருந்து சிறு கப்பலில் ஏற நேர்ந்தபோது, எவராலும் தீர்க்கப்படாத ரீமன் கருதுகோளைத் தாம் நிறுவிவிட்டதாக அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டுப் புறப்பட்டாராம். தாம் மூழ்கி இறந்தால் அப்பெரும்புகழ் தமக்கே சேர்ந்துவிடும். கடவுள் அதற்கு உடன்படமாட்டார். ஆகவே கப்பல் மூழ்காது என்பது கணக்கு!

அத்தகையவர்க்கு எழுதிய இரண்டாம் மடலில், 1, 2, 3, 4 என எல்லா எண்களையும் முடிவின்றிக் கூட்டினால் பன்னிரண்டில் ஒரு பங்கு குறை எண்ணாக வரும் என்றார் இராமானுஜன். இதைக் கேட்டதும் மனநோய் மருத்துவமனைக்கு வழி காட்டுவீர்கள் என்றும் தாமே சேர்த்துக்கொண்டார். ஹார்டி வழி காட்டவில்லை. ரீமன் வகுத்த கோட்பாட்டின் வழியே அக்கூற்றுக்குப் பொருள் உண்டு என்பதை அவர் அறிவார். கடல் கடந்து ஓர் எண்ணறிந்த செவி கிடைத்துவிட்டது.

1914 மார்ச் 17-ஆம் நாள் கப்பலேறி, ஏப்ரலில் இலண்டன் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் நண்பர் மகலனோபிஸ், ஸ்ட்ராண்ட் இதழில் வந்த புதிர் ஒன்றைப் படித்துக் காட்டினார். வரிசையாக எண்ணிட்ட வீடுகள் உள்ள தெரு. ஒரு வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அவ்வீட்டு எண் யாது? அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்த இராமானுஜன், கரண்டியைக் கீழே வைக்காமலே, தொடர்பின்னம் ஒன்றைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். 288 வீடுகளில் 204-ஆம் வீடு என்பது மட்டுமன்று. இத்தகைய தெருக்கள் அனைத்துக்குமான விடை அதில் அடங்கியிருந்தது. எட்டு வீடுகள் உள்ள தெருவில் ஆறாம் வீட்டை எடுத்து, வாசகர்கள் தாமே சரிபார்த்துக் கொள்ளலாம்.

ஆயினும் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. போர்க்காலம், காய்கறி கிடைப்பது அரிது, குளிர், தாமே சமைத்துண்ணும் தனிமை. குடுமி கப்பலேறுமுன்பே போய்விட்டது. ஒருமுறை வங்க நண்பரையும் அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்து இரசம் பரிமாறினார். மீண்டும் பரிமாறியபோதும் ஏற்ற அவர்கள், மூன்றாம் முறை பெண்கள் மறுக்கவே, இராமானுஜன் சொல்லாமல் எழுந்து வெளியேறிவிட்டார். நாள்கள் சில கழித்து ஆக்சுபோர்டிலிருந்து பணம் வேண்டித் தந்தி வந்தது. ஊரில் எளிதாகச் சிரித்து மறந்திருக்கக்கூடிய ஒன்று, அங்கே தாங்கவொண்ணாப் புண்ணாயிற்று. 1917-இல் நோய் பற்றியது. 1918-இன் தொடக்கத்தில் ஓடும் இரயில் முன் விழுந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். அதே ஆண்டில்தான் இராயல் கழகத்தின் உறுப்பினர் தகுதியும் திரினிட்டிக் கல்லூரியின் தகைமையும் அவரை வந்தடைந்தன.

பட்னி என்னுமிடத்தில் நோயுற்றுக் கிடந்தவரைக் காண வந்த ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூறினார். இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு வழிகளில் எழுதத்தக்க எண்களுள் அதுவே மிகச் சிறியது. 1-இன் கனமும் 12-இன் கனமும் கூட்டினாலும் 1729. 9-இன் கனமும் 10-இன் கனமும் கூட்டினாலும் 1729. சுவையற்ற எண் இல்லை என்று நம் கணித ஆசிரியர் சொன்ன நகையை, நோய்ப்படுக்கையில் வாழ்ந்து காட்டியவர் அவர்.

இறுதி நாள்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலில் வைத்து, அதனை அடுத்தே அழுகையை வைத்தார். 1919-இல் தாயகம் திரும்பிய இராமானுஜனின் கடைசி ஓராண்டை அவ்விரண்டும் பங்கிட்டுக்கொண்டன. சென்னைச் சேத்துப்பட்டில் அவரைத் தங்கவைத்தனர். ஆங்கிலத்தில் வழங்கிய அவ்வூர்ப் பெயரைச் சிலேடையாக்கி, சட்டுப்புட்டென்று எல்லாம் முடிந்துவிடும் ஊருக்குத் தம்மைக் கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார். தங்கியிருந்த மாளிகையின் ஆங்கிலப் பெயர் அழுகையைக் குறிக்கும் ஒலியோடு தொடங்கியதால் அது அவருக்குப் பிடிக்கவில்லை. வேறு இல்லத்துக்கு மாறினார். சொல்லின் ஒலியில் விளையாடும் பழைய இராமானுஜன் அங்கே மீண்டும் தென்படுகிறார். கேட்டவர்களால் சிரிக்க இயலவில்லை.

அந்நிலையிலும் 1920 ஜனவரி 12-ஆம் நாள் ஹார்டிக்கு எழுதினார். தாம் புதிதாகக் கண்ட சார்புகளுக்குப் போலித் தீட்டாச் சார்புகள் என்று பெயரிட்டிருந்தார். தீட்டாச் சார்பு போல நடித்துத் தீட்டா அல்லாதவை என்பது கருத்து. மீண்டும் ஒரு வேடம்! 1920 ஏப்ரல் 26-ஆம் நாள், தம் 32-ஆம் வயதில் இயற்கை எய்தினார். ஜானகி அம்மையார் 1994 வரை வாழ்ந்தார்.

1935-இல் இலண்டன் கணிதக் கழகத் தலைமையுரையில் வாட்சன் என்னும் அறிஞர் அச்சார்புகளை ஆராய்ந்தார். தம் உரைக்கு, செர்லாக் ஓம்சு கதை ஒன்றின் தலைப்பையே சூட்டினார். துப்பறியும் ஓம்சின் நண்பர் பெயரும் வாட்சன் அல்லவா? இராமானுஜன் விடுத்த இறுதிப் புதிருக்கு இத்தகைய வணக்கம் பொருத்தமே. 1976-இல் அவரது கடைசி ஆண்டுத் தாள்கள் கேம்பிரிட்சு நூலகத்தில் ஆண்ட்ரூசு என்பவரால் கண்டெடுக்கப்பட்டன. அச்சார்புகளின் வேடத்துக்குள் இருப்பது எது என்பதைச் சுவேகர்சு என்னும் டச்சு நாட்டு ஆய்வாளர் 2002-இல் விளக்கினார். 289-ஆம் வினாவுக்கு ஆறு திங்கள் காத்திருந்தவர், இதற்கு 82 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம்மூரில் ஓர் எதிரொலி

அவர் இரயிலில் கடந்து சென்ற சிதம்பரத்தில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. அங்குக் கணிதப் பேராசிரியராக விளங்கிய அ. நரசிங்கராவ், 1933 முதல் இந்தியக் கணிதக் கழகத்தின் மாணவர் இதழுக்கு ஆசிரியராக இருந்தார். 1929 முதல் 1941 வரை அங்குப் பணியாற்றிய எஸ். எஸ். பிள்ளை, எந்த முழு எண்ணையும் அதிக அளவு 73 ஆறாம் படி எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவினார். ஹார்டியும் இராமானுஜனும் தோற்றுவித்த வட்டமுறையிலிருந்து வளர்ந்த ஆய்வுத்துறை அது. இராமானுஜன் தேடியலைந்த செவிகள் அவர் மறைந்த பத்தாண்டுகளுக்குள் நம் ஊரிலேயே கூடியிருந்தன.

அவர் பிறந்த டிசம்பர் 22 இன்று தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் அவர் படத்துக்கு மாலையிடும் பள்ளிகள், மாணவர்க்கு ஒரு புதிரையும் ஒரு வேடிக்கையையும் சொன்னால் அவர் மகிழ்வார். கணக்கை அச்சத்தோடு மட்டுமே கற்றவள் நான். கணக்கிலும் சிரிக்கலாம் என்று பத்து வயதில் எவரேனும் சொல்லியிருந்தால், வெள்ளாற்றுப் பாலம் வரை நான் காத்திருக்க நேர்ந்திராது.

நம் வட்டத்துக்கு இப்போது வயது பத்து. முதல் நான்கு எண்களைக் கூட்டினால் பத்து என்று அதே கணித ஆசிரியர் சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தார். இம்முறை நாங்களும் உடனே சிரித்தோம். தமிழறிந்தோரும் எண்ணறிந்தோரும் ஒருவர் நகையை மற்றவர் உணரும் இடமாக நம் வட்டம் மேலும் வளர்க!